அழவும் விடாத அதிகாரம்

கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களில் மனதை விட்டு அகலாத பக்கம் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள். சாட்டையடிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டேன். அவருடைய அம்மா வரும் இரவுகளை இன்னும் கடக்க முடியவில்லை.

மேரிலாந்தில், கைக்குழந்தையாக இருந்தபோதே அவரை அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் அதுதான் வழக்கமாம். அம்மா ஹாரியட் பெய்லிக்குச் சுமார் 12 மைல் தள்ளி வயல் வேலை. பொழுது சாய்ந்து வேலை முடிந்ததும் அத்தனை தூரமும் நடந்து வருவாள். மகனை அணைத்துப் படுத்துத் தூங்கவைப்பாள். அவன் கண் விழிப்பதற்கு வெகுநேரம் முன்பே போயிருப்பாள். சூரியன் உதிக்கும்போது வயலில் இல்லாவிட்டால் அடி விழும். பகல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்த நினைவே தமக்கு இல்லை என்கிறார் டக்ளஸ்.

அவருக்கு ஏழு வயதிருக்கும்போது அவள் இறந்துபோனாள். அவள் நோயில் கிடந்தபோதும் அவரைப் போகவிடவில்லை, அடக்கத்துக்கும் விடவில்லை. செய்தி கேட்டபோது யாரோ முன்பின் தெரியாதவர் இறந்ததுபோல்தான் இருந்தது என்று எழுதுகிறார்.

என் அம்மா இறந்த மூன்றாம் மாதம் இதைப் படித்தேன். அவள் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த நாட்கள். எனக்கு அழுவதற்கு நாற்பது வருட நினைவுகள் இருந்தன. அந்தச் சிறுவனுக்கு இருட்டில் பக்கத்தில் படுத்திருந்த ஓர் உடம்பின் சூடு மட்டும்தான். அடிமை முறை உழைப்பைப் பறித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தாய்க்காக அழக்கூட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். என்னை உலுக்கியவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட். 1978இல் மார்பகத்தை அகற்றிக்கொண்டவர், அதைப் பற்றி 1980இல் புத்தகம் எழுதினார். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த செயற்கை மார்பகம் வெளிர் இளஞ்சிவப்பு. அவர் கறுப்புத் தோலுக்கு அது ஒட்டவே இல்லை. அதை அணியாமல் தையல் பிரிக்கப் போனபோது, இங்கே வரும்போதாவது எதையாவது வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இங்குள்ளவர்கள் மனம் தளர்ந்துவிடும் என்கிறார் செவிலியர். போரில் கண்ணிழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் கண்ணாடிக் கண் வைத்துக்கொள் என்று எவரும் சொல்லவில்லையே என்று கேட்கிறார் லார்ட்.

நானும் ஓர் அம்மாவிடம், "துண்டைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள் அம்மா, பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள்" என்று சொல்லியிருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் பதில் பேசாமல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் தையல் பிரித்த பிறகு உடனே நகர்ந்துவிடுவதில்லை. திரையை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கிறேன். சிலர் அழுகிறார்கள்.