கேலரியில் கத்துவதும் சேர்ந்திசையில் பாடுவதும்: ஒரே தொண்டையால் இரண்டும் முடியுமா?

மேல்ஸ்தாயி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதிலிருந்தே ஒரே கால்பந்து கிளப்பை ஆதரித்து வருகிறேன். சீசன் டிக்கெட் இருப்பதால் சொந்த மைதானத்தில் நடக்கும் போட்டிகளைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. அதுவும் கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆட்டம் முடியும்வரை பாட்டு ஓயாத பகுதியில்தான் நிற்பேன். அதே அளவு ஈடுபாட்டோடு ஒரு சேர்ந்திசைக் குழுவிலும் இருக்கிறேன். எனக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருப்பது மிக உயர்ந்த குரல் வரிசை.

போட்டிக்கு மறுநாள் ஒத்திகை வந்தால் என் குரல் என்னுடையதாகவே இருப்பதில்லை. கீழ் ஸ்தாயியில் ஒழுங்காகப் பேசுகிறது. மேலே போகப் போகக் காற்று மட்டும் கசிகிறது. மென்மையாகத் தொடங்க வேண்டிய இடங்களில் ஸ்வரம் ஒரு கணம் தாமதித்துத்தான் பிடிபடுகிறது. குழுவை நடத்துபவர் இதைக் கவனித்துவிட்டார். அட்டவணையும் ஒத்துழைப்பதில்லை. சீசன் தொடங்கும் முன்பே தேதிகள் வந்துவிட்டாலும், தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சனிக்கிழமைப் போட்டியை ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ நகர்த்துவதைப் பிறகுதான் அறிவிக்கிறார்கள். அதற்குள் கச்சேரித் தேதி முடிவாகியிருக்கும்.

குழுவில் இருப்பவர்கள் "விளையாட்டுதானே" என்கிறார்கள். கேலரியில் உடன் நிற்பவர்கள் "பாட்டுதானே" என்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு வலிக்கின்றன. ஒன்றை விட்டுவிடுங்கள் என்ற பதிலை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. இரண்டையும் முழு மனத்தோடு வைத்திருப்பவர்கள் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

மூச்சும்பாட்டும் பதிலளிக்கிறார்:

குரல் பயிற்சி அளிப்பவர் என்ற முறையில் முதலில் தொண்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் விவரித்திருப்பது மிகத் தெளிவான அறிகுறி. கத்தும்போது குரல் நாண்கள் வழக்கத்தைவிடப் பெரும் விசையோடு ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன, அந்த மோதல் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. இரண்டு மணி நேரம் இது தொடர்ந்தால் அவற்றின் விளிம்பு வீங்குகிறது. வீங்கிய விளிம்பு தாழ்ந்த ஸ்வரங்களுக்கு எப்படியோ ஈடு கொடுத்துவிடும். உயர்ந்த ஸ்வரத்தை மெதுவாகப் பாடுவதற்கோ நாண்கள் நீண்டு மெலிந்து, மிக நுட்பமாக ஒன்றையொன்று தொட வேண்டும். வீக்கம் இருந்தால் அது முடியாது. ஆகவேதான் உங்களுக்கு முதலில் கைவிட்டுப் போவது மேல் ஸ்தாயியின் மென்மை.

இதையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். போட்டிக்கு மறுநாள் காலையில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எளிய மெட்டின் ஒரு வரியை மேல் ஸ்தாயியில், பக்கத்து அறையில் உறங்குபவரை எழுப்பாத அளவு மெதுவாகப் பாடிப் பாருங்கள். தாமதமின்றி வந்தால் ஒத்திகைக்குப் போய்ப் பாடலாம். காற்றுக் கசிந்தால் அன்று ஒத்திகையில் அமர்ந்து கேளுங்கள், குறிப்பெடுங்கள், பாடாதீர்கள். சத்தமாகப் பாடினால் வந்துவிடுகிறது என்று யாரும் தம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வீங்கிய நாண்களை விசையால் அடைக்கிறோம் என்பதே அதன் பொருள்.

கேலரியில் என்ன செய்வது? பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார் 1911-இல் எடுத்துக்காட்டிய ஒரு விளைவு இருக்கிறது: சுற்றிலும் இரைச்சல் கூடும்போது, நாம் அறியாமலே நம் குரலும் உயர்ந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் நடுவே உங்கள் குரல் உங்களுக்கே கேட்காததால், கேட்கும்வரை உயர்த்துகிறீர்கள். அது ஒருபோதும் கேட்கப் போவதில்லை. ஆகவே எவ்வளவு சத்தம் வருகிறது என்பதைக் காதால் அளக்காமல், தொண்டையின் உணர்வால் அளக்கப் பழகுங்கள். பாட்டுகளைப் பாடுங்கள், அதில் பெரிய தீங்கில்லை. அடிவயிற்று மூச்சோடு பாடத் தெரிந்தவர் நீங்கள். கெடுப்பது பாட்டு அன்று, நடுவரின் முடிவுக்கு எழும் திடீர்க் கூச்சல். அந்த நேரத்தில் கையைத் தட்டுங்கள், ஸ்கார்ஃபைச் சுழற்றுங்கள். போட்டி முடிந்ததும் கிசுகிசுப்பான குரலில் பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். பலருக்கு அது தொண்டையை மேலும் இறுக்குகிறது. பேசாமல் இருப்பதே ஓய்வு. தண்ணீர் குடியுங்கள். ஒரு டம்ளர் நீரில் உறிஞ்சுகுழலை வைத்துக் குமிழி எழும்படி மெல்ல ஒலி எழுப்பும் பயிற்சி நாண்களுக்கு இதமானது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அவசியம் பாருங்கள்.

பழையபதிவேடு பதிலளிக்கிறார்:

"விளையாட்டுதானே" என்று சொல்லும் உங்கள் இசை நண்பர்களிடம் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சைப் பற்றிச் சொல்லுங்கள். லெனின்கிராட்டின் ஜெனித் அணிக்கு அவர் தீவிர ரசிகர். போட்டி முடிவுகளையும் கோல் அடித்தவர்களையும் குறிப்பேடுகளில் வரிசையாகப் பதிந்து வைத்தவர். மேலைநாட்டு நகரம் ஒன்றுக்குச் செல்லும் சோவியத் கால்பந்து அணியைப் பற்றிய பாலே நாடகத்துக்கு அவர் இசையமைத்து, அது 1930-இல் மேடையேறியது. ஆங்கில இசையமைப்பாளர் எல்கரோ வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணியின் ரசிகர். 1898-இல் அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தபின், செய்தித்தாளின் ஆட்டக் குறிப்பில் வந்த ஒரு சொற்றொடர் பிடித்துப்போய் அதற்கு மெட்டே போட்டுவிட்டார். பாப் பாடகர் எல்டன் ஜான் 1976-இல் வாட்ஃபர்ட் கிளப்பின் தலைவரானபோது அது நான்காம் டிவிஷனில் இருந்தது. 1982-83 சீசனில் முதல் டிவிஷனில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஆண்டுகளில் அவர் பாடுவதை நிறுத்திவிடவில்லை.

ஆனால் நான் உண்மையில் சொல்ல விரும்புவது புகழ்பெற்றவர்களைப் பற்றியன்று, கேலரியைப் பற்றி. நீங்கள் நிற்கும் இடம் இசைக்கு எதிரான இடம் என்ற எண்ணத்தோடு உங்கள் கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. நடத்துபவரோ வாத்தியமோ இல்லாமல், சுருதி கொடுப்பவர்கூட இல்லாமல் இத்தனை ஆயிரம் பேர் வேறெங்கே சேர்ந்து பாடுகிறார்கள்? 1945-இல் ஒரு பிராட்வே இசைநாடகத்துக்காக எழுதப்பட்ட 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்ற பாடல் 1963-இல் லிவர்பூல் நகரத்து இசைக்குழு ஒன்றின் பதிவாக வெளிவந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் பட்டியலிலுள்ள பாடல்களைப் போட்டிக்கு முன் ஒலிபரப்புவது வழக்கம். பட்டியலிலிருந்து அந்தப் பாடல் இறங்கிய பிறகும் ரசிகர்கள் அதைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். சேர்ந்திசைப் பாடகராகக் கவனித்துப் பாருங்கள்: அது ஒரு ஸ்தாயியைத் தாண்டி விரியும் மெட்டு, கூட்டத்துக்கு எளிதானதே அன்று, மெதுவாகப் படிப்படியாக ஏறுவதால்தான் எல்லோராலும் கூடவே ஏற முடிகிறது.

மறுபுறம், 2003-இல் வெளிவந்த 'செவன் நேஷன் ஆர்மி' என்ற ராக் பாடலின் தொடக்க கிட்டார் வரி இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக்கே அணி ரசிகர்கள் மிலானில் அதைப் பாடினார்கள், ஏ.சி. மிலானை 1-0 என்று வென்றதும் ஊருக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் ரோமா ரசிகர்கள் வழியாக இத்தாலிக்கு வந்து 2006 உலகக் கோப்பையில் அந்த நாடு முழுவதும் ஒலித்தது. சொல்லே தேவையில்லாத ஏழே ஒலிகள், குறுகிய வீச்சு. எது கூட்டத்தின் வாயில் நிற்கும், எது நிற்காது என்பதை எந்த இசையமைப்பாளரும் தீர்மானிப்பதில்லை; கேலரி தீர்மானிக்கிறது.

இன்னும் ஒன்று. 2016 மார்ச் 13 அன்று ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தில் மைன்ஸ் அணியுடன் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ரசிகர் மாரடைப்பால் இறந்தார். செய்தி பரவியதும், சுமார் 25,000 பேர் நிற்கும் அந்தப் புகழ்பெற்ற தெற்குக் கேலரி பாட்டை நிறுத்திவிட்டது. ஆட்டம் ஏறக்குறைய மௌனத்தில் நடந்தது. இறுதியில் இரு அணி ரசிகர்களும் நான் மேலே சொன்ன அந்த 1945-ஆம் ஆண்டுப் பாடலைச் சேர்ந்து பாடினார்கள். எப்போது பாடக் கூடாது என்றும் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. உங்கள் குழுவினர் அதன் ஒளிப்பதிவை ஒரு முறை பார்க்கட்டும்.

ஆஃப்சைடு பதிலளிக்கிறார்:

மேலே உள்ளவர் எழுதியதை மகிழ்ச்சியோடு படித்தேன், ஆனால் ஒரு மறுப்பு உண்டு. ஷோஸ்டகோவிச்சும் எல்கரும் தம் தொண்டையால் பிழைத்தவர்கள் அல்லர். ஆட்டம் பார்த்துக் குரல் கம்மினாலும் அவர்களால் மறுநாள் எழுத முடிந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே உங்கள் பிரச்சினை அவர்களுடையதைவிடக் கடினமானது.

நானும் இசைக்கலைஞன்தான், வயலின் வாசிக்கிறேன். எனக்குச் சிக்கல் அட்டவணையில் மட்டுமே. இங்கிலாந்தில் முதல் நிலை லீகில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள், இரண்டாம் நிலையில் 46; கோப்பைப் போட்டிகள் தனி. இவற்றில் பாதி சொந்த மைதானத்தில் நடக்கும். எல்லாவற்றுக்கும் போவேன் என்று சொல்லிக்கொள்பவர் வேறு எதையும் முழுமையாகச் செய்ய முடியாது, இதை நாம் நேராக ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டவணை வந்த அன்றே கச்சேரித் தேதிகளை எடுத்து அருகில் வைத்து, கச்சேரி வாரத்தில் விழும் ஆட்டங்களின் இருக்கையை, கிளப்பின் விதி அனுமதித்தால், வேறொரு ரசிகருக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் கடைசி நேரத்தில் எந்தப் பக்கத்தையாவது ஏமாற்றுவதைவிட அது மேல். குழுவை நடத்துபவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். "சனிக்கிழமை எனக்கு ஆட்டம், ஞாயிறு ஒத்திகையில் கேட்பவராக மட்டும் இருப்பேன், அடுத்த ஒத்திகைக்குள் என் பகுதியைப் படித்து வருவேன்" என்று முன்கூட்டியே சொல்பவரை யாரும் பொறுப்பற்றவர் என்று நினைப்பதில்லை.

கச்சேரி நடக்கும்போது ஸ்கோரைப் பார்க்கவும் கூடாது, ஆட்டத்தின்போது இசைக்குறிப்பைப் புரட்டவும் கூடாது. எதில் இருக்கிறோமோ அதில் இருக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பானவன்.

அமைதிநேரம் பதிலளிக்கிறார்:

எல்லோரும் தொண்டையைப் பேசுகிறீர்கள், காதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கான பாதுகாப்பு வரம்பாகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். 2011-இல் கலாதாசராய் ரசிகர்கள் இஸ்தான்புல்லில் எழுப்பிய சத்தம் 131.76 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்தது. சேர்ந்திசைக் குழுவோ, வாத்தியக் குழுவோடு சேரும்போது பெரும்பாலும் பித்தளைக் கருவிகளுக்கு அருகில் நிற்கும். உங்கள் காதுக்கு இரு பக்கமும் ஓய்வில்லை. உட்செவியின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

சாதாரணப் பஞ்சு அடைப்பான் உயர்ந்த ஒலிகளையே அதிகம் குறைப்பதால் எல்லாம் மந்தமாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்யப்படும் காது அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பாட்டு தெளிவாகக் கேட்கும், அளவு மட்டும் இறங்கும். காதை அடைத்துக்கொண்டு பாடினால் நம் குரல் நமக்கு உள்ளிருந்து பெரிதாகக் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே கேலரியில் அதை அணிந்தால் கத்துவதும் தானாகக் குறைகிறது. மூச்சும்பாட்டும் சொன்ன லோம்பார் விளைவுக்கு இதுவே நான் கண்ட நல்ல மாற்று.

மேல்ஸ்தாயி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த ஆட்டத்துக்கு முன் அடைப்பான் வாங்கிவிடுகிறேன். மறுநாள் காலைச் சோதனையையும் தொடங்குகிறேன். நடத்துபவரிடம் இந்த வாரமே பேசுவேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஆட்டத்துக்கு முன், ஒத்திகைக்குச் செய்வதுபோல் குரலைப் பதப்படுத்திக்கொண்டு போகலாமா?

மூச்சும்பாட்டும்:

கட்டாயம் போக வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் பத்து நிமிடம் வாய் மூடிய ஹம்மிங்கில் தொடங்கிப் படிப்படியாக மேலே போங்கள். திரும்பி வந்தபின் அதே பயிற்சியை மேலிருந்து கீழாக, இன்னும் மெதுவாகச் செய்யுங்கள். பலர் முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டுவிடுகிறார்கள். ஆட்ட நாளில் முக்கியமானது பின்னதுதான்.