ஊருணிக்குப் போகவேண்டிய நீர் வீட்டுக்குள் வந்தது: கண்மாய், காப்பீடு, கால்நடை ஆகியவற்றை மேற்பார்வையிட வேண்டியவர் யார்?

பெரியவீட்டு ஆச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், என் மாமனாருடைய ஐயா கட்டிய வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்காளிகள் ஆறு பேருக்கு உரிய வீடு. மற்றவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பதால், நான் மாதம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து போய்த் திறந்து, கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவேன்.

சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில், தெருவில் ஓடிய நீர் பின்வாசல் வழியாக உள்ளே புகுந்து, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒன்றரை அடி உயரத்துக்கு நின்றுவிட்டது. ஆத்தங்குடிக் கற்கள் பெயர்ந்துவிட்டன. தேக்குக் கதவுகளின் அடிப்பாகம் ஊதிப்போனது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. எங்கள் ஊரின் தெருக்கள் எல்லாம் மழைநீர் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி சரிவு பார்த்து அமைக்கப்பட்டவை. ஊருணி நிறைந்தால் நீர் கண்மாய்க்குப் போகும். இன்று அந்த நீரைக் கொண்டுபோன வரத்துக்கால் இருந்த இடத்தின் குறுக்கே உயர்த்திப் போட்ட சாலையும், குப்பை அடைத்த ஒரு சிறு குழாயும் இருக்கின்றன. தெருவிலும் சிமெண்டுக்கு மேல் சிமெண்டு போட்டு, பின்வாசற்படி மூன்றில் இரண்டு தரைக்குள் போய்விட்டன.

வீட்டுக்குக் காப்பீடு இருந்தது. கொழுந்தனார் பெயரில் எடுத்த பாலிசி. வந்து பார்த்த சர்வேயரின் அறிக்கையை வைத்து, இது நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததால் ஏறிய ஈரமே தவிர வெள்ளச் சேதம் அன்று எனக் கூறி, நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறங்கவிடாதது வேறு. பின்கட்டுக் கொட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் தம் இரண்டு பசுக்களையும் பதினொரு ஆடுகளையும் அடைத்துக்கொள்ள நான்தான் இடம் கொடுத்திருந்தேன். திருட்டுப் பயத்தால் கொட்டிலுக்குப் பூட்டும் போட்டேன். அவரிடம் இருந்த சாவி தொலைந்து, மாற்றுச் சாவியை என்னிடம் கேட்டிருந்த வாரத்தில்தான் மழை வந்தது. இரவில் நீர் ஏறியபோது அவரால் பூட்டை உடைக்க முடியவில்லை. ஆள் கூட்டி வருவதற்குள் ஒரு பசுவும் ஏழு ஆடுகளும் இறந்துவிட்டன. நாற்றம் எடுக்குமென்று மறுநாளே புதைத்துவிட்டோம். நிவாரணம் கேட்டபோது, கால்நடை மருத்துவரின் சான்று எங்கே என்று கேட்கிறார்கள்.

வரத்துக்காலைக் காக்கவேண்டிய அலுவலகம் எது? காப்பீட்டு மறுப்பை எங்கே முறையிடலாம்? அந்தப் பெண்ணுக்கு ஏதேனும் கிடைக்க வழி உண்டா? மூன்றுக்கும் மூன்று இடத்தில் அலைந்து களைத்துவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

---

வரத்துக்கால் எழுதியது:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நில அளவைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒரே மழைநீர் ஓடும் வழியில் பல கைகள் இருக்கின்றன என்பதே இங்குள்ள சிக்கல். ஊருணியும் தெருவும் ஊராட்சியின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் பொறுப்பு. நிலத்தின் வகைப்பாடும் ஆக்கிரமிப்பும் வருவாய்த்துறையிடம் வரும். குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத்துறையுடையதாக இருந்தால், பாலத்தின் அளவை முடிவு செய்பவர்கள் அவர்கள். ஒருவர் வெட்டிவிட்ட காலை மற்றொருவர் மேடாக்கும்போது, இரண்டு வேலைக்கும் தனித்தனியே முறையாகப் பில் எழுதப்படுகிறது. நீர் எங்கே போயிற்று என்று எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. நம் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்தான். அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் சில நாட்களிலேயே கொட்டிவிடும் என்பதால், ஒரு துளியும் வீணாகாமல் ஊருணியில் சேர்க்கத்தான் முன்னோர் தெருவின் சரிவைக்கூடக் கணக்குப் பார்த்துப் போட்டார்கள். வறட்சிக்காக அமைத்த அந்த ஏற்பாடே வெள்ளத்துக்கும் காப்பாக இருந்தது. இதை அறியாத ஒரு சாலை ஒப்பந்தம் போதும், ஊர் முழுவதும் நீர் தேங்கிவிடும்.

நீங்கள் செய்யவேண்டியது, முதலில் ஆவணத்தைக் கையில் எடுப்பது. கிராம வரைபடம், நிலங்களின் வகைப்பாட்டைக் கூறும் 'அ' பதிவேடு, அந்த வரத்துக்காலின் புல எண்ணுக்குரிய புலப்படம் ஆகிய மூன்றையும் பெறுங்கள். 'அ' பதிவேட்டில் அது 'ஓடை' அல்லது 'வாய்க்கால்' எனப் புறம்போக்காக இருந்தால் உங்கள் வாதத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை. கண்மாய் நீர்வளத்துறையுடையதாக இருந்தால், 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும். நீர்நிலைப் புறம்போக்கைத் தனிநபர் பெயருக்கு மாற்றக்கூடாது என்பதில் உச்சநீதிமன்றம் 2001ஆம் ஆண்டின் ஹிஞ்ச்லால் திவாரி வழக்கிலேயே தெளிவாக நின்றிருக்கிறது.

சாலை மட்டம் உயர்ந்ததற்கும் ஒரு பிடி உண்டு. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்குப் போடவேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகும்படி மட்டத்தை உயர்த்தக்கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் அது பின்பற்றப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு, தகவல் பெறுவதோடு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. எங்கள் ஊரில் ஒரு பாலத்தின் அடித்தளம் வரத்துக்காலின் தரையைவிட உயரமாக எழுந்ததை, கான்கிரீட் போடுவதற்கு முன்பே அளவுகோலோடு போய் நின்றுதான் தடுத்தோம்.

எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர்தான். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் அவரே. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபார்வை செய்து புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே உங்கள் மனுவில் 'வாய்க்காலைத் தூர்வாரவும்' என்று மட்டும் எழுதாமல், 'புரட்டாசிக்குள் எல்லாத் துறை அலுவலர்களும் கூட்டாகப் புலத்தணிக்கை செய்து மாவட்டத் திட்டத்தில் சேர்க்கவும்' என்று எழுதுங்கள்.

---

கானாடுகாத்தான் பக்கத்தவன் எழுதியது:

பொதுக்காப்பீட்டுத் துறையில் முப்பதாண்டு இருந்தேன். ஆச்சி, மறுப்புக் கடிதத்தோடு நீங்கள் நின்றுவிட வேண்டாம்.

உங்களுடையது 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வீட்டுக் காப்பீட்டுக்கு எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் இந்த ஒரே அமைப்பிலான பாலிசியை வழங்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. புயலும் வெள்ளமும் நீர் சூழ்தலும் இதன் அடிப்படைக் காப்புக்குள்ளேயே இருக்கின்றன. தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியதில்லை. கட்டடத்துக்கு எடுத்திருந்தால், வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்புத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேரும்.

ஆனால் காலப்போக்கில் ஏற்படும் தேய்மானமும் ஈரக்கசிவும் எந்தப் பாலிசியிலும் சேராது. உங்கள் சர்வேயர் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார். அதை எதிர்க்க நீர் வந்ததற்கான சான்று வேண்டும். சுவரில் ஒரே மட்டத்தில் கிடையாகப் படிந்த சேற்றுக்கோடு வெள்ளத்தின் அடையாளம். தரையிலிருந்து ஏறும் ஈரம் அப்படி ஒரே கோடாக நிற்காது. கோடு இன்னும் தெரிந்தால் அளவு நாடாவை வைத்துப் படமெடுங்கள், வெள்ளையடித்துவிடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை மழைமானிகளின் அந்நாளைய பதிவையும், கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் இணையுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம், அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இனி, நம் பகுதிக்கே உரிய ஒரு தவற்றைச் சொல்லவேண்டும். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டை ஒருவர் பெயரில் மட்டும் காப்பீடு செய்கிறோம். அவருக்கு அந்த வீட்டில் எவ்வளவு உரிமையோ அவ்வளவுக்குத்தான் காப்பீட்டு உரிமை என்று நிறுவனம் வாதிட இடம் இருக்கிறது. ஆறு பங்காளிகளின் பெயரையும் பாலிசியில் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்கள் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடுங்கள். முன்மொழிவுப் படிவத்தில் வீடு பூட்டிக் கிடப்பதை மறைக்காமல் எழுதி, அதை ஏற்றுக்கொண்டதாக நிறுவனத்திடம் எழுத்தில் பெறுங்கள். முகவர் வாயால் சொன்ன உறுதி எதுவும் இழப்பு நேரத்தில் நிற்காது.

காப்புத் தொகை, இன்று அதேபோலக் கட்ட ஆகும் செலவை வைத்துக் கணக்கிடப்படுவது; மனையின் விலை அதில் சேராது. பர்மாத் தேக்குத் தூணையும் முட்டைவெள்ளை கலந்து மெருகேற்றிய சுவரையும் சாதாரண சதுரஅடி விலையில் கணக்கிட்டால் கிடைக்கும் தொகையில் ஒரு தாழ்வாரத்தைக்கூடப் பழையபடி எழுப்ப முடியாது. பழைய வீடுகளை மதிப்பிடத் தெரிந்த பொறியாளர் ஒருவரின் அறிக்கையைப் பாலிசி எடுக்கும்போதே இணைத்துவிடுவது நல்லது. ஓவியம், தஞ்சாவூர்ப் படம் போன்ற மதிப்புமிக்க பொருள்களுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பில் தனிக்காப்பு எடுக்கலாம்.

அரசு நிவாரணத்தை நம்பி இருக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு: 2022 முதல் 2026 வரையான காலத்துக்கு வகுத்த பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, பகுதியளவு சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் சேதம் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

---

கோமாரி எழுதியது:

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆச்சி, உங்கள் பதிவின் கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தேன். அந்தச் சாவியை நினைத்து நீங்கள் வருந்துவது இயல்புதான்; ஆனால் அந்தப் பெண்ணுக்கு இப்போது தேவை பணம், அதைப் பற்றி முதலில் பேசுவோம்.

நான் மேலே படித்த அதே நெறிமுறையில், இறந்த கறவைப் பசுவுக்கோ எருமைக்கோ 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000 ரூபாய், கன்றுக்கு 20,000 ரூபாய் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பசுவுக்கும் ஏழு ஆட்டுக்கும் 65,500 ரூபாய் வரும். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை என்பதால் கோரிக்கையே அடைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். புதைத்த இடம், புதைக்க உதவியவர்களின் வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை, பால் சங்கத்தில் பால் ஊற்றிய அட்டை, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றை வைத்து வட்டாட்சியரிடம் எழுத்தில் முறையிடுங்கள். பசுவின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை இருந்திருந்தால் அது இருந்ததற்கான பதிவு எங்கள் துறையில் இருக்கும். இனி இப்படி நேர்ந்தால், புதைப்பதற்கு முன் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துவிட வேண்டும். கால்நடைக் காப்பீட்டுக்கும் அரசு மானியம் உண்டு; ஆனால் காதுவில்லை அறுந்து விழுந்தால் உடனே மாற்றிப் பதியாவிட்டால் இழப்பீடு கிடைக்காது.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உரிமையாளர் தீனியும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்குத் தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. நம் மாவட்டத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மாடுகளைப் பரிசோதிக்க நாங்கள் வரிசையாக நிற்போம். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தையும் விதிகளையும் ஒட்டி மருத்துவக் குழு, தடுப்பு வேலி, ஆட்சியரின் முன் அனுமதி எல்லாம் வந்துவிட்டன. அது சரியான ஏற்பாடு. ஆனால் ஆண்டில் ஒரு நாள் ஓடும் காளைக்கு உள்ள அந்தக் கவனிப்பில் ஒரு பங்குகூட, மழைக்காலம் முழுவதும் தாழ்வான கொட்டிலில் கட்டிக்கிடக்கும் பசுவுக்கு இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த பெருமழையின்போது தென்மாவட்டங்களில் கட்டுத்தறியிலேயே மாடுகள் மாண்டதைப் பார்த்தோம்.

ஆகவே, மழைக்கு முன்னதான கூட்டுத்தணிக்கையில் உதவி கால்நடை மருத்துவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஊரில் எத்தனை உயிர்கள், எந்தக் கொட்டில் தாழ்வு, நீர் ஏறினால் எந்த மேட்டுக்கு ஓட்டிப்போவது, அங்கே வைக்கோல் யார் தருவது என்று ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். கொட்டிலைப் பூட்டாதீர்கள், கொண்டி மட்டும் இருக்கட்டும். கயிற்றை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடச் சொல்லுங்கள். ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

---

திருமயத்தான் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். அலுவலகங்களைக் கேட்பது நியாயமே. ஆனால் நம் ஊர்களில் ஊருணியைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாமல் போனதற்குக் காரணம், வீடுகளைப் பூட்டிவிட்டு நாம் போய்விட்டதுதான். கிராமசபையில் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் நான்கு பேர் தேறமாட்டார்கள். வேட்டங்குடியில் 1977 முதல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஆனால் அங்குள்ள கண்மாய்ப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது எந்த அதிகாரியின் ஆணையாலும் அன்று. அவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள். பங்காளிகள் ஆறு பேரும் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தாவது மழைக்காலத்தில் வீட்டில் ஆள் இருக்கச் செய்ய வேண்டும்.

---

பெரியவீட்டு ஆச்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருமயத்தார் சொன்னது சுடுகிறது. ஆனால் மறுக்க முடியவில்லை. அதைக் கொழுந்தனார்களுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

'அ' பதிவேட்டில் பார்த்தோம். வரத்துக்கால் 'ஓடைப் புறம்போக்கு' என்றே இருக்கிறது. அந்த நகலோடு ஆட்சியருக்கு மனுக் கொடுத்துவிட்டேன். கூட்டுத்தணிக்கை என்ற சொல்லை அப்படியே எழுதி, கால்நடை மருத்துவரையும் குறிப்பிட்டிருக்கிறேன். சேற்றுக்கோடு வளவின் (உள்முற்றத்தின்) மேற்குச் சுவரில் தெளிவாக இருக்கிறது. படமெடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பியாயிற்று.

அந்தப் பெண்ணோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நானே போனேன். கொட்டில் என்னுடையது, பூட்டு நான் போட்டது, நீர் ஏறி மாடும் ஆடுகளும் இறந்ததற்கு நான் சாட்சி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மனுவைப் பெற்றுக்கொண்டு, விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம் வருவதற்கு நாளாகும் என்பதால், பங்காளிகளில் ஒப்புக்கொண்ட இருவரும் நானும் சேர்ந்து அவருக்கு ஒரு கறவைப் பசு வாங்கிக் கொடுக்கிறோம். கொட்டிலின் பூட்டை எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: கூட்டுத்தணிக்கை நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு நாங்களும் உடன் நிற்க, முன்கூட்டியே தனி மனுக் கொடுக்க வேண்டுமா, அல்லது இதே மனுவிலேயே கேட்டால் போதுமா? வரத்துக்கால் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.