மூணாவது மாடி பாத்ரூம்

தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில நாலு வருஷம் பட்டுப்புடவை செக்‌ஷன்ல நின்னேன். மொத்தக் கடைக்கும் லேடீஸ் பாத்ரூம் மூணாவது மாடியில மட்டும்தான். கஸ்டமருக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

சாதாரண நாள்ல சமாளிச்சுடலாம். ஆடித் தள்ளுபடி, தீபாவளின்னு வந்தா சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் டேங்க்ல தண்ணி காலி. தரையெல்லாம் செருப்புச் சேறு. யூனிஃபார்ம் புடவையைத் தூக்கி இடுப்புல சொருகி, முந்தானையைப் பல்லால கடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணும். அதே கையோட வந்து முப்பதாயிரம் ரூபா பட்டைத் தோள்ல போட்டுக் காட்டணும். ஒருநாள் ஃப்ளஷ் வேலை செய்யலைன்னு மூடியைத் திறந்தா, உள்ள எங்க கடை விலைச்சீட்டு நாலு மிதக்குது! எந்தப் புண்ணியவதியோ உள்ளேயே புதுத்துணிக்கு மாறிட்டுப் போயிருக்கா. அதுக்கும் எங்களைத்தான் நிக்க வச்சு விசாரிச்சாங்க.

இன்னொரு நாள் வரிசையில அடக்கிக்கிட்டு நிக்கிறேன். பேரனோட வெளியே வந்த ஒரு அம்மா என் யூனிஃபார்மைப் பார்த்துட்டு, "ஏம்மா, இங்க வேலை பார்க்கிற பொண்ணுதானே, இப்படியா வச்சிருப்பீங்க?"ன்னாங்க. உள்ள போனா பேரன் வச்ச பொங்கல் அப்படியே இருக்கு. ரெண்டு மக் ஊத்தித் தள்ளிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்.

2021ல கடை ஊழியருக்கு உட்கார இடம் தரணும்னு தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தினாங்க. எங்க செக்‌ஷனுக்கும் ரெண்டு ஸ்டூல் வந்துச்சு (உட்கார்ந்தா சூப்பர்வைசர் மூஞ்சி போற போக்கு தனிக்கதை). பாத்ரூம் மட்டும் அதே ஒண்ணுதான்.

கடைசியில தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம். காலையில அரை டம்ளர், அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். ரெண்டாவது வருஷமே யூரின் இன்ஃபெக்‌ஷன். "நிறைய தண்ணி குடிங்க, அடக்காதீங்க"ன்னு டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

*

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் மதுரையில சூப்பர் மார்க்கெட் பில்லிங். எங்க பாத்ரூம்ல குப்பைத்தொட்டியே கிடையாது. நாப்கினைப் பேப்பர்ல சுத்தி, டிபன் பைக்குள்ள வச்சு, ராத்திரி பஸ் ஸ்டாண்டு தொட்டியில போட்டுட்டுப் போவேன். ஒருநாள் கேட்ல செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னாரு. "அண்ணே, வேணாம்ணே"ன்னேன். விடல. பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசாம மூடிக் குடுத்தாரு. அதுலேருந்து என் பையை மட்டும் தொடுறதில்ல.

*

ஜென்ட்ஸ் ஸ்டாஃப்புக்கு எங்க கடையில பாத்ரூமே இல்ல சகோதரி. பக்கத்து டீக்கடைக்காரர் புண்ணியத்துல ஓடுது. பதிலுக்கு தினம் மூணு டீ குடிக்கணும், அதுதான் சிக்கல்.