கடை வெளிவட்டச் சாலைக்குப் போய்விட்டால் ரயிலில் வருகிறவர்கள் என்ன செய்வது?

மாம்பலத்துக்காரி:
ரயில் பாதைக்கு மேற்கே எங்கள் வீடு, பாதையைத் தாண்டினால் தி.நகர். அங்கே முப்பது வருடமாக நாங்கள் போய்க்கொண்டிருந்த பெரிய கடையை (பெயர் வேண்டாம், பாத்திரம், மளிகை, துணி எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கும்) போன மாதம் மூடிவிட்டு, வண்டலூர் தாண்டி வெளிவட்டச் சாலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு 71 வயது. அங்கே வாங்கிய குக்கரின் கைப்பிடி உடைந்துவிட்டது. உத்தரவாதம் இருக்கிறது, ஆனால் புதுக் கடைக்குத்தான் எடுத்து வர வேண்டும் என்றார்கள். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி, படி ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் தனி ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்துப் போனால் கைப்பிடி இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். திரும்ப ஆட்டோவே இல்லை. லாரிகள் பறக்கிற சாலையோரத்தில், ஒரு மரநிழல்கூட இல்லாத இடத்தில், முக்கால் மணி நேரம் அம்மாவை நிற்க வைத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

ஊரப்பாக்கம்வாசி:
அம்மா பட்ட கஷ்டம் புரிகிறது, தங்கச்சி. ஆனால் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு முறை பாருங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று இங்கே எத்தனை ஆயிரம் குடும்பங்கள் வந்துவிட்டன. இத்தனை வருடம் தீபாவளித் துணிக்கும் கல்யாணச் சீர் பாத்திரத்துக்கும் நாங்கள்தான் தி.நகர் வரை வந்தோம். காரை நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும், அப்புறம் ரங்கநாதன் தெரு நெரிசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதோடு, 2008-இல் அந்தத் தெருக் கடை ஒன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தது எனக்கு மறக்கவில்லை. 2017-இல் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்தபோது அணைக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆனது, கடைசியில் கட்டடத்தையே இடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே எல்லாப் பெரிய கடையும் இருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

மாம்பலத்துக்காரி:
உங்கள் பக்கம் கடை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அண்ணா. அங்கே இன்னொரு கிளை திறக்கட்டும். இருந்ததை ஏன் மூட வேண்டும்? 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தார்கள். மக்கள் வரிப்பணத்தில், நடந்து வருகிறவர்களுக்காகக் கட்டியது. 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. என் தெருவில் பாதிப் பெண்கள் கையில் பத்துப் பைசா பஸ் செலவில்லாமல் போய் சாமான் வாங்கி வந்தார்கள். இப்போது பஸ் வராத இடத்துக்குக் கடை போய்விட்டது. கார் இல்லாதவர்கள் இனிமேல் வர வேண்டாம் என்பதுபோல்தான் எனக்குப் படுகிறது.

பழைய மண்டிக்காரர்:
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விஷயம். நான் காய்கறி மொத்த வியாபாரத்தில் இருந்தவன். 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போகச் சொன்னபோது எங்களுக்கும் இதே கோபம்தான், காட்டுக்குள் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள் என்று பேசிக்கொண்டோம். இன்று கோயம்பேடு இல்லாமல் சென்னைக்குச் சாப்பாடு இல்லை. கடைக்காரர் பக்கமும் கஷ்டம் இருக்கிறதம்மா. கனரக லாரியைப் பகலில் ஊருக்குள் விட மாட்டார்கள், ராத்திரியில் சரக்கு இறக்க ஆள்கூலி தனி, கிடங்கு ஒரு இடம், கடை ஒரு இடம். வாடகையைச் சொல்லவே வேண்டாம். வெளிவட்டச் சாலையில் கிடங்கும் கடையும் ஒரே மனையில் வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள், ஊர் அங்கே போய்ச் சேரும்.

மாம்பலத்துக்காரி:
ஐயா, கோயம்பேட்டுக்குப் பக்கத்திலேயே 2002-இல் புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது, 2015-இல் மெட்ரோ வந்தது. அதனால்தானே கூட்டம் பழகியது. சந்தை போய் ஆறு வருடம் கழித்துப் பேருந்து நிலையம். ஆறு வருடம் பொறுத்தால் என் அம்மாவுக்கு 77.

பழைய மண்டிக்காரர்:
அதை நான் மறுக்க முடியாது. 2020 மே மாதம் கொரோனாவில் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அப்போது சில்லறைக் கடைக்காரர்கள் வந்துபோகப் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். மழை வந்தால் சேறு. செப்டம்பரில் கோயம்பேட்டைத் திறந்ததும் ஒருவரும் அங்கே நிற்கவில்லை. ஆனாலும் மண்டி வேறு, உங்கள் கடை வேறு. மண்டியை அரசு மாற்றியது. இது தனியார் போடும் முதல், எங்கே போட வேண்டும் என்பது அவர் முடிவு.

ஊரப்பாக்கம்வாசி:
நானும் அதைத்தான் சொல்கிறேன். பாத்திரமெல்லாம் இப்போது ஆன்லைனில் வீட்டுக்கே வருகிறது. கைப்பிடியையும் அப்படி வாங்கிக்கொள்ளலாமே?

மாம்பலத்துக்காரி:
உத்தரவாதத்தில் இலவசமாகத் தர வேண்டியதை நான் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? அதோடு அம்மா எவர்சில்வர் சம்படத்தைக் கையில் தூக்கி எடை பார்ப்பார், மூடி இறுகுகிறதா என்று நாலு தரம் திருகிப் பார்ப்பார். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதிது எடுப்பார். வாரத்தில் ஒரு நாள் அந்தக் கடைக்கு நடந்து போய் வருவதுதான் அவருக்கு வெளியுலகம். அதை ஒரு செயலியில் கொடுக்க முடியாது.

மூன்றாம் தளம்:
அக்கா, நான் அதே கடையில்தான் வேலை பார்க்கிறேன், பாத்திரப் பிரிவு. வாடிக்கையாளர்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், எங்களையும் சொல்ல வேண்டும். தி.நகரில் இருந்தபோது வியாசர்பாடியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவேன். இப்போது போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இரவு ஒன்பதரைக்குக் கடை மூடி வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டு ஆகிவிடுகிறது. என்னோடு இருந்த பதினோரு பெண்களில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். ஒன்று சொல்கிறேன், வண்டலூர் ஸ்டேஷனிலிருந்து எங்களை அழைத்துவர ஒரு வேன் இருக்கிறது. காலையில் ஒரு நடை, இரவில் ஒரு நடை. நடுவில் பத்து மணி நேரம் கடை வாசலில் சும்மாதான் நிற்கிறது.

மாம்பலத்துக்காரி:
இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை! அந்த வேனை மணிக்கு ஒரு நடை ஸ்டேஷனுக்கு விட்டால் போதுமே. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையத்தை முதலில் திறந்துவிட்டு ரயில் நிலையத்தை அப்புறம் கட்டப் போனார்கள், மூட்டை முடிச்சோடு ஜனங்கள் எவ்வளவு அலைந்தார்கள். இங்கே கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, வண்டியும் இருக்கிறது, டிரைவரும் இருக்கிறார். கடிதம் எழுதினால் யாரிடம் கொடுக்க வேண்டும் தங்கச்சி?

மூன்றாம் தளம்:
தரைத்தளத்தில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மேலாளர் அறை. வாய்வார்த்தையாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். நான் சொன்னதாக மட்டும் எழுத வேண்டாம்.

ஊரப்பாக்கம்வாசி:
வேன் யோசனை சரி, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டீசல் செலவைப் பொருள் விலையில் ஏற்றினால் எதிர்ப்பேன், வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கட்டும். கடை இங்கே வந்தது தப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை.

மாம்பலத்துக்காரி:
இருபது ரூபாய் வாங்கட்டும், தருகிறோம். தப்பு என்றுதான் கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதுவேன், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் வேன் பற்றிய பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். சனிக்கிழமை கைப்பிடிக்காக எப்படியும் போக வேண்டும், எங்கள் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள்.