997-ஆ, 991-ஆ: டெல்லி நம்பர் போட்ட போர்ஷே 911-இல் எது விலை நிற்கும்?

துவாரகா ஸ்ரீராம்:
வணக்கம். கரோல் பாக்கில் ஒரு வியாபாரியிடம் இரண்டு போர்ஷே 911 பார்த்தேன். ஒன்று 2011 பதிவு, 997 தலைமுறை. இன்னொன்று 2014, அதற்கு அடுத்து வந்த 991. இரண்டும் கரேரா எஸ் ரகம், இரண்டும் டெல்லி நம்பர். ஆனால் விலையில் பெரிய வித்தியாசமே இல்லை! கேட்டால், "997 இனிமேல் ஏறத்தான் செய்யும் சார்" என்கிறார். நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு விற்பதாக எண்ணம். எதில் பணம் கரையாது?

மயூர்விஹார் கணேசன்:
வியாபாரி சும்மா அளக்கவில்லை. 911-இன் விலைக்கு வயது மட்டும் கணக்கில்லை. எந்தத் தலைமுறையோடு எது முடிந்துபோனது என்பதும் கணக்கு. 993 தலைமுறையுடன் 1998-இல் காற்றால் குளிரும் எஞ்சின் முடிந்தது, அதனால் அதற்கு இன்றும் கிராக்கி. அடுத்து வந்த 996 தண்ணீரால் குளிர்வது. விலை குறைந்த பாக்ஸ்டரின் முகத்தையே இதற்கும் வைத்தார்கள், பொரித்த முட்டை ஹெட்லைட் என்று ஊரே கேலி செய்தது. போதாக்குறைக்கு எஞ்சினுக்குள் ஐ.எம்.எஸ். என்ற இடைத் தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்ற பயம். அண்ணனைவிடத் தம்பி மலிவாகக் கிடைத்தது இப்படித்தான்.

அதற்கும் அடுத்த 997-இல் முடிந்தது ரசிகர்கள் விரும்பும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். 991-இல் மின்சார ஸ்டீயரிங் வந்துவிட்டது. உங்கள் 2011 வண்டி இரண்டாம் கட்ட 997. 2009 மாடலிலிருந்து வந்த அந்தப் புது எஞ்சினில் ஐ.எம்.எஸ். ஷாஃப்டே கிடையாது. பழைய ஸ்டீயரிங், பயமில்லாத எஞ்சின், இரண்டும் சேர்ந்து வருவது இந்தச் சில வருட வண்டிகளில்தான். நானாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

ஆர்.கே.புரம் ஆடிட்டர்:
கணேசன் சார், இதெல்லாம் போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட்டில் சரி. இந்த வண்டி நிற்பது கரோல் பாக்கில். 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி தலைநகர வட்டாரத்தில் (என்.சி.ஆர்.) ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது 2014-இல், உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2018-இல். 2011 பதிவு என்றால் கெடு தலைக்கு மேல் வந்துவிட்டது. ஸ்ரீராம் விற்கப் போகும்போது உள்ளூரில் அதை யார் வாங்குவார்கள்? எந்த வங்கி கடன் கொடுக்கும்? இன்சூரன்ஸிலும் ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பைப் பேசித்தான் எழுதுவார்கள். ஸ்டீயரிங் சுகத்துக்கு அவர்கள் தனியாக ஒரு ரூபாய் கூட்டப் போவதில்லை.

குருகிராம் சங்கர்:
ஹரியானா நம்பர் வாங்கினால் தப்பிக்கலாமே என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: குருகிராமும் என்.சி.ஆர்.தான். இங்கேயும் அதே கதி.

மயூர்விஹார் கணேசன்:
ஆடிட்டர் ஜி பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். 2025 ஜூலையில் பழைய வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது என்று தொடங்கி, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவையும் அதற்குப் பிந்தியவையும் மட்டும் தப்பும் என்றது. டெல்லியில் பிஎஸ் 4 வந்தது 2010 ஏப்ரலில். 2011 வண்டி தப்பிக்கும் பக்கம்தான் இருக்கிறது.

ஆர்.கே.புரம் ஆடிட்டர்:
நடவடிக்கை வேண்டாம் என்பது வேறு, ஆர்.சி.யைப் (பதிவுச் சான்றை) புதுப்பித்துக் கையில் கொடுப்பது வேறு. ஒரே வருடத்தில் மூன்று தடவை மாறிய விஷயத்தை நம்பி யாரும் முழு விலை கொடுக்க மாட்டார்கள்.

அது கிடக்கட்டும், உங்கள் வழியிலேயே வருகிறேன். எது முடிந்தது என்றுதானே கேட்டீர்கள்? 2014 வண்டி முதல் கட்ட 991. டர்போ இல்லாத 3.8 லிட்டர் எஞ்சின் கரேரா எஸ்ஸில் அதோடு முடிந்தது. அடுத்த கட்டத்தில் 3.0 லிட்டர் டர்போ வந்தது. ஸ்டீயரிங் போனதற்கு அழுகிறவர்கள் எஞ்சின் போனதற்கு அழ மாட்டார்களா? கெடுவுக்கும் இன்னும் மூன்று வருடம் கூடுதலாக இருக்கிறது.

மயூர்விஹார் கணேசன்:
எஞ்சின் விஷயத்தில் சொல்வது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் 991-இன் வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 100 மி.மீ. நீண்டுவிட்டது, ஆளே பெருத்துவிட்டது. கச்சிதமான 911 வேண்டுமென்பவர்கள் 997-க்குத்தான் வருவார்கள். இன்று இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து.

கோவை முரளி:
டெல்லி வண்டிகளை வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். கெடு நெருங்கும் வண்டிக்காக நாங்கள் அங்கே வருவதே மலிவாகக் கிடைக்கும் என்றுதான். டெல்லியில் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், இறக்குமதி காருக்கு 15 வருடத்துக்குப் பிறகு ஆர்.சி. புதுப்பிக்க மட்டும் 40,000 ரூபாய். 2025-இல் வந்த அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டினால் 80,000. இதையெல்லாம் கழித்துத்தான் விலை கேட்போம். 997 ஏறும் என்பது உண்மையாகவே இருந்தாலும், அந்த ஏற்றம் தமிழ்நாட்டு நம்பர் போட்ட பிறகு எனக்குத்தான் சேரும், ஸ்ரீராமுக்கு அல்ல.

துவாரகா ஸ்ரீராம்:
அப்படியானால் இரண்டையும் விட்டுவிட்டு 991-க்கு அடுத்து வந்த 992-க்குப் போனால்?

ஆர்.கே.புரம் ஆடிட்டர்:
வேண்டாம். 2019-இல் இங்கே வந்தபோதே கரேரா எஸ் 1.82 கோடி. பழைய வண்டிகள் இந்த ஊரில் விலை நிற்பதற்குப் பெரிய காரணம் புதியது 100 சதவீதத்துக்கு மேல் வரி கட்டி வருவது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் அந்த வரி 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஜெர்மன் கார்களுக்கும் அப்படி வந்தால் முதல் அடி விழுவது புத்தம் புது தலைமுறைக்குத்தான்.

மயூர்விஹார் கணேசன்:
ஆக, பழசுக்குத்தான் பயம் குறைவு. நன்றி ஆடிட்டர் ஜி :)

அப்புறம் ஸ்ரீராம், எதை எடுத்தாலும் ஓடோமீட்டரை நம்பாதீர்கள். எஞ்சின் கணினியில் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவாகியிருக்கும். கிலோமீட்டரை அதால் வகுத்தால் சராசரி வேகம் வரும். டெல்லி நெரிசலில் ஓடிய வண்டிக்கு நம்ப முடியாத எண் வந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையை எடுத்துக் காட்ட மாட்டேன் என்றால் இரண்டுமே வேண்டாம்.

துவாரகா ஸ்ரீராம்:
சனிக்கிழமை மறுபடி போகிறேன். முரளி சார், அந்த 997-க்கு நீங்கள் என்ன விலை கேட்பீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா? வியாபாரியிடம் அதிலிருந்தே பேச ஆரம்பிக்கிறேன்.

கோவை முரளி:
அனுப்புகிறேன். கேட்டால் அவர் டீ கூடக் கொடுக்க மாட்டார்.