வீரர் என்ற சொல்லுக்கு என் அம்மா உரியவர் இல்லையா?

உரும்பிராய் மகள்:
தரம் 8 இல் படிக்கும் என் மகளுக்கு, ‘நான் போற்றும் வீரர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி பாடசாலையில் சொல்லியிருந்தார்கள். அவள் தன் அம்மம்மாவைப் பற்றி எழுதிக் கொண்டுபோனாள். வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரைப் பற்றி எழுதிவரும்படி சொல்லிக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனைப் பற்றியோ வன்னி மன்னன் பண்டாரவன்னியனைப் பற்றியோ அவளால் எழுத முடியும். ஆனால் பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு ஏழு வயது. அப்பா அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயும் அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கின் ஒரு பக்கத்தில் நானும் தம்பியும் படிக்க, மறுபக்கத்தில் அம்மா கூரை வேயும் கிடுகு பின்னுவார். வெளிச்சம் எங்கள் கொப்பியில் விழவேண்டும் என்று போத்தலை எங்கள் பக்கமே தள்ளிவைத்துவிட்டு, ஓலையை விரல்களால் தடவித் தடவிப் பின்னுவார். விடிந்ததும் கிடுகுகளைச் சைக்கிளில் கட்டிச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோவார். ஓலை கீறிய விரல்களை இரவில் உப்புக் கலந்த இளஞ்சூட்டு நீரில் வைத்திருப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த சனத்துக்குள் அவர் சுமந்துவந்த பையில் இருந்தவை எங்கள் பாடப்புத்தகங்கள்.

மகளிடம் நான் என்ன சொல்லவேண்டும்?

சாவகச்சேரி அண்ணை:
தங்கச்சி, உங்கள் அம்மாவை வணங்குகிறேன். ஆனாலும் அந்தச் சொல்லைச் சூட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. விலகிப்போக வழி இருந்தும் நிற்பவரைத்தான் வீரர் என்கிறோம். பிள்ளைகள் பசித்திருக்கும்போது ஒரு தாய்க்கு வேறு என்ன வழி இருந்தது? என் தகப்பனார் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து சாமான் கொண்டுவந்து எங்களை வளர்த்தவர். துணிந்த மனிதர் என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் ஒருவராவது, அவருக்கு நித்திரை வருகிறதா என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெருமை பேசியே அவரைத் தனியே விட்டுவிட்டோம் என்ற கவலை எனக்கு இன்றும் இருக்கிறது.

அச்சுவேலி ஆசிரியை:
அண்ணை, நீங்கள் கடைசியாகச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். வழியே இருக்கவில்லை என்பதை ஏற்கமாட்டேன். என் ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர். இடம்பெயர்வுக்கு முன் ஒரு கடையில் கடனுக்குச் சாமான் வாங்கியிருந்தார். 1996 இல் ஊர் திரும்பியபோது கடையும் இல்லை, கடன் கொப்பியும் இல்லை. எவ்வளவு என்பது கடைக்காரருக்கே நினைவில்லை. ஐயா அடுத்த புகையிலை விற்ற காசில், தன் நினைவில் இருந்த தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வருடம் எங்களுக்குப் புதுச்சட்டை இல்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கொடுக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் அம்மாவும் போத்தலைத் தன் பக்கம் வைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? எங்கள் மண்ணில் வீரம் என்ற சொல் போரோடு ஒட்டிப்போய்விட்டதால், இப்படியானவர்களுக்கு அதைக் கொடுக்கத் தயங்குகிறோம் என்று நினைக்கிறேன். பிள்ளை எழுதியதையே திரும்பக் கொடுக்கட்டும்.

உரும்பிராய் மகள்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மகள் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “எண்ணெய் முடிஞ்ச நாளிலை பக்கத்து வீட்டு அக்காதான் தன்ரை போத்திலிலை பாதி ஊத்தித் தந்தவ. அதையும் எழுது பிள்ளை.” மகள் அதைச் சேர்த்து, தலைப்பை மாற்றாமல் இன்று கொடுத்துவிட்டாள்.

அண்ணை, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் அம்மாவின் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டேன், நினைவில்லை என்றார். வரும் புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறேன்.