செல்லூர் வீட்டுப் பிள்ளைகள்: ஹீமேன் கிடைத்துவிட்டான்

கார்த்தி: பரணை ஒழித்தோம். கொலுப் பெட்டிக்கு அடியில் நம் பழைய ஹீமேன் பொம்மை! இடுப்பைத் திருகி விட்டால் இன்னும் 'டப்'பென்று திரும்பிக் குத்துகிறான். ஸ்பிரிங் கொஞ்சமும் தளரவில்லை.

செல்வி அக்கா: வாள் இருக்கிறதா தம்பி?

கார்த்தி: இருக்கிறது அக்கா. கோடாரிதான் காணோம்.

பாண்டி, திருமங்கலம்: மச்சான், அவனுடைய வில்லன் ஸ்கெலட்டர் என்னிடம் இருக்கிறான். ஊதா வாள், ஆட்டுத்தலைக் கோல் எல்லாம் பத்திரம்.

செல்வி அக்கா: அப்படியா! ஹீமேன் வாள், ஸ்கெலட்டர் வாள் இரண்டும் பாதி வாள்கள்டா. தட்டையான பக்கத்தைச் சேர்த்து அழுத்தினால்தான் முழு வாள். 1982இல் மேட்டல் என்கிற அமெரிக்கப் பொம்மை கம்பெனி அப்படித்தான் செய்தது. நம் ஊரில் லியோ பெயரில் விற்றார்கள். எவ்வளவு அழகான யோசனை! நாயகனிடம் பாதி, வில்லனிடம் பாதி. நீங்கள் இரண்டு பேரும் காலையில் கட்டிப் புரண்டாலும் சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நித்திஷ்: மாமா, அதில் லைட் எரியுமா?

கார்த்தி: எரியாது மருமகனே. பேட்டரியே கிடையாது. சத்தம் முழுக்க நம் வாயால்தான்.

அத்தை: தமுக்கம் பொருட்காட்சியில் உனக்கு ஒரு பேட்மேன் வாங்கித் தந்தேனே, அது?

கார்த்தி: அந்தக் கறுப்புத் துணியைத்தான் ரொம்ப நாள் வைத்திருந்தேன் அத்தை. பொம்மை தொலைந்த பிறகும்.

தினேஷ்: அண்ணே, என் ஃபன்ஸ்கூல் கம்பெனி ஜி.ஐ.ஜோ, அந்த ராணுவ வீரன் பொம்மை இருக்கிறது, இடுப்போடு கழன்று இரண்டு துண்டாக. பொம்மை வந்த அட்டைக்குப் பின்னால் இருந்த வீரனின் விவரத்தைக்கூட வெட்டி வைத்திருக்கிறேன். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்ததே அதில்தான். பொம்மையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

பாண்டி, திருமங்கலம்: போடாதே! உள்ளே இருக்கிற ரப்பர் வளையம்தான் அறுந்திருக்கும். முதுகில் உள்ள ஸ்குருவைக் கழற்று. காலை இணைக்கும் கம்பிக் கொக்கியில் வளையத்தை மாட்டி, மேலே நெஞ்சுக்குள் இருக்கும் பிடியில் இழுத்துப் போடு. அவ்வளவுதான்.

தினேஷ்: வளையம் எங்கே கிடைக்கும்?

பாண்டி, திருமங்கலம்: ஹார்டுவேர் கடையில் ஓ-ரிங் என்று கேள். பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார். தடிமன் கூடினால் இடுப்பு திரும்பாது.

செல்வி அக்கா: ஞாயிறு எல்லோரும் பொம்மைகளோடு வாருங்கள், மத்தியானம் இங்கேயே சாப்பிடுங்கள். நித்திஷ் இப்போதே பொம்மைகளைக் கேட்டு நச்சரிக்கிறான்.

தினேஷ்: சரி அக்கா. நான் ஓ-ரிங் நாலைந்தாகவே வாங்கிவிடுகிறேன், பையன் எப்படியும் ஒன்றிரண்டை அறுப்பான்.